பஸ்மிலா திருத்திய கோடு

மஸ்கெலியா கடைத்தெருவில் பஸ்மிலாவின் வாப்பா ஹமீதுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. றப்பர் சப்பாத்து, குடை, கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்கு, பிளாஸ்டிக் வாளி, கம்பளி என்று தோட்டத்து ஆட்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கூரை வரை தொங்கும். ஹமீத் வாயாடி. வருகிறவர் தோட்டத்து வீட்டுவரிசைகளில் எந்த லயம், யாருடைய மருமகள், பிள்ளைக்கு சளி விட்டதா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சப்பாத்து வாங்க வந்தவர்கள் அரைமணித்தியாலம் கதைத்துவிட்டுச் சப்பாத்தை மறந்து போனதும் உண்டு.

மகள் அவருக்கு நேர்மாறு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். உயர்தரப் பரீட்சையில் முதல் தடவை தவறியபோதும் அழவில்லை. அடுத்த வருஷத்துக்கு அதே புத்தகங்களைத் திரும்ப எடுத்து வைத்தாள். ஆய்வுகூடப் பயிற்சிக்கு இடம் கிடைத்து, படித்து முடித்து, கடைசியில் நுவரெலியாவில் வேலை கிடைத்தது. டவுனில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். மாதத்தில் ஒரு தடவை ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து பஸ் மாறி வீட்டுக்கு வருவாள்.

கொரோனா வந்த வருஷம் அந்த ஆய்வுகூடத்துக்கு பிசிஆர் மெஷின் ஒன்று வந்தது. பயிற்சிக்குப் போனவர்களில் பஸ்மிலாவும் ஒருத்தி. ஒரு தடவை வீட்டுக்கு வந்திருந்தபோது, மெஷின் எப்படி ஆளைக் கண்டுபிடிக்கிறது என்று வாப்பா கேட்டார். கடையில் ஆள் இல்லாத நேரம். பஸ்மிலா ஸ்டூலில் உட்கார்ந்து, அவளுக்கு வழக்கமில்லாத அளவு பேசினாள்.

"நாற்பது சுத்து சுத்தும் வாப்பா. கிருமி இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு மடங்காகும். ஆக ஆக வெளிச்சம் கூடும். மெஷின் அந்த வெளிச்சத்த அளந்து கோடா கீறும்."

"கிருமி இல்லாட்டி வெளிச்சமே வராதா?"

"கொஞ்சம் வெளிச்சம் எப்பவும் இருக்கும். டியூப்ல இருந்து வாரது, மருந்தில இருந்து வாரது. அதுக்குப் பேருதான் பேஸ்லைன். முதல்ல அது எவ்வளவுன்னு பாத்து கழிச்சிடணும். மூணாவது சுத்துல இருந்து பதினஞ்சு வரைக்கும் ஒன்னும் நடக்காதுன்னு மெஷின் நினைச்சுக்கும். அந்த இடத்துல இருக்கிற வெளிச்சத்தக் கழிச்சுட்டு மிச்சத்தத்தான் காட்டும்."

"பதினஞ்சுக்கு முன்னாலயே நடந்துட்டா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பயிற்சி வகுப்பில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. "கிருமி கூடுதலா இருந்தா அப்படி நடக்கும் வாப்பா. ஏறத் தொடங்கினதையும் மெஷின் சும்மா இருக்கிற வெளிச்சம்னு நினைச்சு கழிச்சிடும். கோடு மேல போகாம கீழ விழும். அப்ப நாங்கதான் கையால திருத்தணும்."

ஹமீதுக்கு அது போதுமாக இருந்தது. அடுத்து வந்தவரிடம், எங்கட மகள் இல்லாட்டி அந்த மெஷினுக்குக் கண் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

வருஷக் கடைசியில் தோட்டங்களுக்குள்ளும் நோய் வந்தது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த பிள்ளைகள் வீடு திரும்பியதோடு லயம் லயமாக ஆட்களை வரிசையில் நிறுத்தி மூக்கில் குச்சி விட்டார்கள். ஐஸ் பெட்டிகள் நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்தும் டயகம பக்கமிருந்தும் வந்துகொண்டே இருந்தன. பஸ்மிலாவும் வினோதாவும்தான் அநேகமாக மெஷினில் இருந்தார்கள். வினோதா டயகமத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். பஸ்மிலாவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஆரம்பத்தில், தெரிந்த பெயர் எதையாவது பொசிட்டிவ் என்று கண்டால் இருவரும் வேலையை ஒரு கணம் நிறுத்திவிடுவார்கள். பிறகு பிறகு அதுவும் போய்விட்டது. பெயர் வரும், எண் வரும், அடுத்ததைப் பார்ப்பார்கள். சோறு சாப்பிட்டீர்களா என்று யாராவது கேட்டால் ஞாபகப்படுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த மாதங்களில் நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. கொரோனாவில் இறந்தவர் யாராக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும், உடலை எரிக்க வேண்டும். முஸ்லிம் வீடுகளில் நோயைவிட அதற்குத்தான் பயம் கூடுதலாக இருந்தது. இருமினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு கொத்தமல்லி அவித்துக் குடித்தார்கள். ஹமீதும் அப்படித்தான் இருந்தார். மகளிடம் தொலைபேசியில் பேசும்போது இருமல் வராமல் பார்த்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை, பஸ்மிலா வேலைக்குப் போக உடுத்திக்கொண்டிருந்த நேரம், அவளுடைய அண்ணன் அப்ராஸ் நானா தொலைபேசியில் கூப்பிட்டான்.

"பஸ்மி, வாப்பா மவுத்தாகிட்டாங்க."

"எங்க வச்சு?"

"ஆஸ்பத்திரியில. விடிய மூச்செடுக்க ஏலாம இருந்துச்சு. கந்தப்பன்ட த்ரீவீல்ல ஏத்திட்டு வந்தோம். உம்மாதான் மடியில வச்சுக்கிட்டு வந்தாங்க. உள்ள எடுத்துக் கொஞ்ச நேரம்தான்." அப்ராஸ் மூச்சு வாங்கினான். "மய்யித்தத் தர மாட்டேங்கிறாங்க. பிசிஆர் செய்யணுமாம். மாதிரிய அங்கதான் அனுப்புறாங்களாம், ஒங்கட இடத்துக்கு."

"ம்."

"இது பழைய இளைப்பு வருத்தம் பஸ்மி. ஒனக்குத் தெரியும் தானே. கொரோனா ஒன்னும் இல்ல. நீ அங்க இருக்கிற தானே? கொஞ்சம் பாத்துக்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாளா, சொல்லவில்லையா என்பது பிறகு அவளுக்கு ஞாபகம் வரவில்லை. மஸ்கெலியா முடக்கப்பட்டிருந்தது. போகப் பஸ் இல்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். மற்றச் சப்பாத்தையும் போட்டாள். வேறு எங்கே போவது என்று தெரியாததால் வேலைக்குப் போனாள்.

பெரிய டொக்டர் சிங்களப் பெண்மணி. விஷயத்தைக் கேட்டதும் அறைக்குப் போய்ப் படுக்கச் சொன்னார். பஸ்மிலா போகவில்லை. அப்படியானால் அந்த மாதிரியை வினோதா செய்யட்டும், நீ தொடாதே என்றார். பஸ்மிலா தலையை ஆட்டிவிட்டு கையுறைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் அறையில் போய் உட்கார்ந்தாள். யாரோ பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தாள். பெட்டிகளில் எழுதியிருந்ததை மேலிருந்து கீழாக வாசித்தாள். வாசித்து முடிந்ததும் திரும்ப முதலில் இருந்து வாசித்தாள். வாப்பாவின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். கடையில் தொங்கும் வாளிகள்தான் வந்தன.

மத்தியானம் மாதிரியோடு ஐஸ் பெட்டி வந்தது. வினோதா மற்ற மாதிரிகளோடு அதையும் சேர்த்து மெஷினில் வைத்தாள். பின்நேரம் அவள் ஓடிவந்த சத்தம் கேட்டது.

"அக்கா! நெகட்டிவ்! அப்பாவுக்கு நெகட்டிவ் அக்கா!"

வினோதாவின் முகக்கவசம் நனைந்திருந்தது. அவள் பஸ்மிலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்கு கோல் எடுங்க. நான் டொக்டர்கிட்ட சைன் வாங்கிட்டு வாறேன்."

"கோட்டப் பாத்தியா?"

"டேபிள்ல நெகட்டிவ்னு வந்திருக்கு அக்கா."

"கோட்டப் பாக்கணும், புள்ள."

அது யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. இருவரும் கணினிக்குப் போனார்கள். பஸ்மிலா நின்றபடியே திரையைப் பார்த்தாள். நிறைய நிறங்களில் கோடுகள். அநேகமானவை தரையோடு தரையாகப் படுத்திருந்தன. சில நடுவிலிருந்து மேலே வளைந்திருந்தன. ஒரே ஒரு கோடு மட்டும் பத்தாவது சுற்றைத் தாண்டியதும் லேசாகத் தலைதூக்கி, பிறகு பூச்சியத்துக்குக் கீழே சரிந்து, படத்தின் அடிவிளிம்பைத் தாண்டிப் போயிருந்தது. அவள் அதன்மேல் சுட்டியை வைத்தாள். வாப்பாவின் எண்.

கழிக்காத வெளிச்சத்தைத் திறந்து பார்த்தாள். அது செங்குத்தாக ஏறி உச்சியில் போய் நின்றது. அவ்வளவு சீக்கிரம் ஏறும் கோட்டை அந்த மாதங்களில் அவள் அதிகம் கண்டதில்லை.

வினோதாவுக்கும் விளங்கிவிட்டது. அவள் கதவைப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. பஸ்மிலாவின் தொலைபேசி மேசையில் அதிர்ந்தது. அப்ராஸ். அது அடித்து ஓய்ந்தது.

"அக்கா," வினோதா குரலைத் தாழ்த்தினாள். "இப்படியே விட்டுடுங்க."

பஸ்மிலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாம ஒன்னும் மாத்தலையே. மெஷின்தானே நெகட்டிவ்னு சொல்லுது. நான்தான் செஞ்சேன், நான்தான் பாத்தேன். கேட்டா நான் சொல்லிக்கிறேன். ஒங்க அப்பாவ நல்லபடியா அடக்கம் பண்ணுங்க. யாருக்கு அக்கா தெரியப் போகுது?"

தொலைபேசி திரும்ப அதிர்ந்தது. பஸ்மிலா அதைக் கவிழ்த்து வைத்தாள். அவளுக்குள் பெரிய போராட்டம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் உள்ளே பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. அந்தப் பஞ்சுக்கு இடையில் சில காட்சிகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உம்மா வாப்பாவின் வாயைச் சேலைத் தலைப்பால் துடைக்கிறாள். கந்தப்பன் கால் பக்கம் பிடித்துத் தூக்குகிறான். நெகட்டிவ் என்று மய்யித்து வீட்டுக்கு வருகிறது. அப்ராஸும் மாமாமாரும் கையால் குளிப்பாட்டுகிறார்கள். ஊரே வந்து குனிந்து முகம் பார்க்கிறது. வாப்பாவுக்கு ஊர் முழுக்கச் சிநேகிதம். வராதவர் இருக்கமாட்டார்கள்.

"நகரு, புள்ள."

"நான் மாட்டேன் அக்கா."

"நீ செய்ய வேணாம். நகரு."

வினோதா நகர்ந்தாள். பஸ்மிலா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பேஸ்லைன் முடியும் சுற்று என்ற இடத்தில் பதினைந்து என்று இருந்தது. அதை அழித்து ஒன்பது என்று போட்டாள். திரை ஒரு கணம் வெறுமையாகி மறுபடி கீறியது. கீழே விழுந்திருந்த கோடு அங்கே இல்லை. எல்லாக் கோடுகளுக்கும் முந்தி, எல்லாவற்றையும்விட உயரமாக ஒரு கோடு நின்றது. அட்டவணையில் அந்த இடம் சிவப்பானது.

வினோதா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். பஸ்மிலா டொக்டரைக் கூப்பிடப் போனாள்.

டொக்டர் திரையை வெகுநேரம் பார்த்தார். யார் திருத்தியது என்று கேட்டார். நான் என்றாள் பஸ்மிலா. தொட வேண்டாம் என்று சொன்னதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. மாதிரியை நீர் கலந்து நூறு மடங்கு ஐதாக்கித் திரும்ப ஓட்டலாம், உனக்காக இல்லை, முறைப்படி, என்று மட்டும் சொன்னார். இரண்டாம் தடவையை அவரே கையுறை போட்டுக்கொண்டு செய்தார். கிருமி குறைவாக இருந்தால், அல்லது முதல் ஓட்டத்தில் ஏதாவது கலந்திருந்தால், இப்போது தெரியவரும். ஒன்றும் மாறவில்லை. ஐதாக்கினால் எவ்வளவு பிந்த வேண்டுமோ அவ்வளவு பிந்தி, அதே ஏற்றம். இந்தத் தடவை பேஸ்லைனைத் தொடவும் தேவைப்படவில்லை. டொக்டர் கையெழுத்திட்டார். எழும்பும்போது பஸ்மிலாவின் தோளில் கை வைக்கப் போய், யாரையும் தொடக்கூடாது என்ற அந்த நாட்களின் வழக்கத்தை நினைத்து, கையை எடுத்துக்கொண்டார்.

அப்ராஸுக்கு அவள்தான் சொன்னாள்.

"பொசிட்டிவ் நானா."

அவன் "நீ அங்க தானே இருந்த?" என்று கேட்டான்.

"ஓம்."

"ஒன்னால ஒன்னும் செய்ய ஏலாமப் போச்சா?"

"ஏலாமப் போச்சு நானா."

எரிப்பதற்குச் சம்மதம் கேட்டு வந்த கடதாசியில் அப்ராஸ் கையெழுத்து வைக்கவில்லை. வைக்காவிட்டாலும் எரிப்பார்கள், எரித்தார்கள். வீட்டில் எல்லாரையும் தனிமைப்படுத்திவிட்டதால் அவர்களில் ஒருவரும் வெளியே வர முடியாது. குடும்பத்தில் யாராவது வருகிறீர்களா என்று சுகாதாரப் பரிசோதகர் கேட்டபோது, வரக்கூடியவளாக பஸ்மிலா ஒருத்திதான் இருந்தாள். அவர்கள் வழக்கத்தில் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. இது மையவாடியும் இல்லை. அவள் போனாள். வினோதா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள்.

ஒவ்வொரு நாளும் போடுகிற அதே பாதுகாப்பு உடையை அன்றும் போட்டுக்கொண்டாள். பெட்டியைத் திறக்க அனுமதி இல்லை. மூடியில் ஒட்டியிருந்த பெயரை வாசித்தாள். ஹமீத் என்பதைச் சிங்களத்தில் எழுதியவர் ஓர் எழுத்தைத் தவறவிட்டிருந்தார். பரிசோதகர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் தருகிறேன், செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தள்ளிப் போனார். மற்ற ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனார்.

பஸ்மிலா பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று ஜனாஸாத் தொழுகை தொழுதாள். பின்னால் வரிசை இல்லை. நாலு தக்பீரும் முகக்கவசத்துக்குள்ளேயே சொன்னாள், பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்தது. ஓதவேண்டியது எல்லாம் பிசகில்லாமல் வந்தது. அழுகை வரவில்லை. பெட்டியை உலைக்குள் தள்ளும் ஆள் நீல நிறச் செருப்பு போட்டிருந்தான், ஒன்றின் வார் கம்பியால் கட்டியிருந்தது. கதவு மூடும் வரை அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வினோதா மதிலோரம் நின்று கைகூப்பினாள். டவுனுக்கு வந்ததும் வினோதா, "சாப்பிடணும் அக்கா," என்றாள். ஒரு கடையில் இடியப்பம் வாங்கி வந்து ஆய்வுகூடத்துக்குப் பின்னால் நின்று சாப்பிட்டார்கள். பின்நேரம் ஐஸ் பெட்டிகள் வந்தன. பஸ்மிலா மெஷினில் உட்கார்ந்தாள்.

சாம்பலை எடுக்க யாரும் போகவில்லை.

அந்தக் கிழமையிலேயே வீட்டாரின் மாதிரிகளும் வந்தன. உம்மா ரஸீனாவுக்குப் பொசிட்டிவ். கந்தப்பனுக்கும் பொசிட்டிவ். அப்ராஸுக்கு இல்லை. உம்மாவுக்கு மூச்சுத் திணறியபோது ஏற்கெனவே சிகிச்சை நிலையத்தில் இருந்ததால் ஒட்சிசன் வைத்தார்கள். எழும்பி வந்துவிட்டாள். கந்தப்பனும் வந்தான். ஆனால் பழையபடி த்ரீவீல் ஓட்ட உடம்பு இடம் கொடுக்கவில்லை, தம்பியிடம் கொடுத்துவிட்டான். வாப்பாவின் மாதிரி நெகட்டிவ் என்று போயிருந்தால் இதெல்லாம் எப்படி நடந்திருக்கும் என்று பஸ்மிலா கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஒருநாள் வினோதா போட்டுச் சொல்ல முயன்றபோது, வேண்டாம் என்றாள்.

பெப்ரவரி முடியும்போது சட்டம் மாறியது. கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கலாம், அரசு சொல்லும் ஓரிடத்தில் மட்டும் என்று அறிவித்தார்கள். செய்தி வந்த நேரம் பஸ்மிலா கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வினோதா வந்து சொன்னாள். "ம்," என்றாள். பார்த்துக்கொண்டிருந்த மாதிரியைத் திரும்ப முதலில் இருந்து பார்க்க வேண்டியிருந்தது, எங்கே விட்டாள் என்று தெரியவில்லை.

பாதை திறந்தபிறகு வீட்டுக்குப் போனாள். கடை திறந்திருந்தது. அப்ராஸ் இருந்தான். அவன் வாப்பா மாதிரிக் கதைப்பவன் இல்லை, வந்தவர்கள் வாங்கிக்கொண்டு உடனே போய்விட்டார்கள். உம்மா சோறு போட்டாள். மகள் சாப்பிட்டு முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உம்மா கேட்டாள்.

"வாப்பாட டெஸ்ட்ட யாரு பாத்த?"

பொய் சொல்லலாம் என்று பஸ்மிலாவுக்குத் தோன்றியது. சொல்லி, பிறகு அதை ஞாபகம் வைத்திருக்க அவளிடம் தெம்பு இல்லை.

"மெஷின் முதல்ல இல்லைன்னு காட்டிச்சு உம்மா. பிழையாக் கழிச்சிருந்துச்சு. நான்தான் திருத்தின."

முன்னால் கடைக்குள் அப்ராஸ் எதையோ அடுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

உம்மா மகள் சோறு சாப்பிட்ட கோப்பையை எடுத்தாள். அடுப்படிக்குப் போய்க் கழுவினாள். கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவினாள். "திருத்தாட்டி நெகட்டிவா?"

"ஓம்."

"பொய் நெகட்டிவ்."

"ஓம் உம்மா."

"சரி," என்றாள் உம்மா. வந்து மகளின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். பின்நேரம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அப்ராஸ் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கச்சியோடு பேசவில்லை. பிறகு அவனுக்குப் பிள்ளை பிறந்தபோது பிள்ளைக்கு இரத்தம் சோதிக்க வேண்டி வந்தது. அவனே கூப்பிட்டு, எங்கே கொடுப்பது என்று கேட்டான். இப்போது தேவைக்குப் பேசுவான். அந்த நாளைப் பற்றிய பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

வினோதா கலியாணம் முடித்து பதுளைக்கு மாறிப்போனாள். பஸ்மிலா அதே ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறாள். கொரோனா மாதிரிகள் எப்போதாவது வரும். இப்போது கூடுதலாக வருவது டெங்கு, எலிக்காய்ச்சல். புதிதாக வந்தவர்கள் அட்டவணையைப் பார்த்து எழுதுகிறார்கள். அவள் ஒவ்வொரு கோட்டையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் விடுகிறாள். அதனால் அவளுக்கு வேலை முடியப் பிந்துகிறது. பிந்தினால் பரவாயில்லை, அறையில் காத்திருப்பவர் யாரும் இல்லை. கலியாணப் பேச்சு இரண்டு வந்தது, அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வந்தவர்கள் தாங்களாகவே போய்விட்டார்கள்.

போன மாதம் உம்மா கண் கிளினிக்குக்காக நுவரெலியாவுக்கு வந்தாள். கிளினிக் முடிந்து, மருந்து விட்ட கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்த மெஷினைக் காட்டு என்றாள். உள்ளே கூட்டிப்போக முடியாது. பஸ்மிலா கண்ணாடி ஜன்னல் வழியாகக் காட்டினாள். மேசையில் வெள்ளைப் பெட்டி ஒன்று, பக்கத்தில் கணினி. யாரோ ஒரு புதுப்பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சின்னதா?"

"ஓம்."

உம்மா கண்ணாடியில் நெற்றி படக் கொஞ்ச நேரம் நின்றாள். கண் கூசியது போலிருந்தது, துடைத்துக்கொண்டாள். பஸ்மிலா அவள் கையைப் பிடித்து மெதுவாகப் படியிறக்கி வந்தாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. தெருவைக் கடந்து ஒரு கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள்.